கட்டை அவிழ்க்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் நடுமுற்றம் வைத்த பழைய நாலுகெட்டு வீடுகள் வேகமாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. தேக்குக்கும் ஆஞ்சிலிக்கும் விலை பேசி முடித்த பிறகுதான் மச்சில் இருக்கும் பெட்டிகளை இறக்குகிறார்கள். பெட்டிக்குள் ஓலைக்கட்டு இருக்கும். சில வீடுகளில் துணியில் வரைந்த பழைய பிளானும் சுருண்டு கிடக்கும். நான் பல வருஷம் கட்டடங்களுக்குப் பிளான் வரைந்தவன். அதனால் இந்த வட்டாரத்தில் யார் வீட்டில் பழைய பிளான் கிடைத்தாலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். பிளானைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஓலையும் அறிமுகமானது.

இந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்பது எவ்வளவு முக்கியமோ, எது எதோடு கிடந்தது என்பதும் அவ்வளவு முக்கியம். இதை நான் உணர்ந்தது தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில். அந்த வீட்டு முன்னோர் ஓர் ஊட்டுப்புரையில் கணக்கு எழுதியவர்கள். வழிப்போக்கர்களுக்கு, பெரும்பாலும் பிராமணர்களுக்கு, சோறு போடத் திருவிதாங்கூர் அரசு வைத்திருந்த சத்திரங்களுக்குத்தான் ஊட்டுப்புரை என்று பேர். பேரன் தலைமுறையில் ஒருவர் மராமத்தில், அதாவது அரசின் பொதுப்பணித் துறையில், ஓவர்சியராக இருந்திருக்கிறார். தாத்தாவின் ஓலைகளும் பேரனின் பிளான்களும் ஒரே பலாப்பலகைப் பெட்டியில் இருந்தன.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். "அண்ணாச்சி, ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போனாரு. படம் வரைஞ்ச ஓலை மட்டும் போதும்னு சொல்றாரு. நல்ல விலை தர்றாராம். மிச்சத்தை என்ன செய்ய?" என்று கேட்டார். ஒரு கட்டின் நடுவில் நாலைந்து ஓலைகளில் மண்டபத் தூணின் தலைப்பான போதிகையும் தாமரை மொட்டும் எழுத்தாணியால் கீறப்பட்டிருந்தன. கை தேர்ந்த கோடு. பார்த்தவர் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த நாலு ஓலையை உருவிவிட்டால், அது எந்தக் கட்டடத்துத் தூண், எந்த ஆசாரிக்குச் சொன்ன வேலை, கூலி எவ்வளவு என்பதெல்லாம் போய்விடும். முன்னும் பின்னும் இருந்த ஓலைகளில்தான் அந்த விவரங்கள் இருந்தன. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய ஓலை அழகாக இருக்கும், அவ்வளவுதான். அதனிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது.

கட்டு குலையாமல் இருந்ததால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கமே பெரிய சாட்சி இருக்கிறது. 1909-இல் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் சம்ஸ்கிருத அறிஞர் த. கணபதி சாஸ்திரி ஓர் ஓலைக்கட்டைக் கண்டார். மலையாள எழுத்தில் எழுதிய சம்ஸ்கிருத நாடகங்கள். ஒரே கட்டில் பத்து நாடகங்களுக்கு மேல் இருந்தன. எதிலும் ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் ஸ்வப்னவாசவதத்தம் என்ற நாடகம் பழங்கால நாடகாசிரியர் பாசன் எழுதியது என்று பழைய நூல்களில் குறிப்பு உண்டு. அதே கட்டில் இருந்த மற்ற நாடகங்களும் அதே மாதிரி, நாடகத்தைத் தொடங்கிவைக்கும் சூத்திரதாரன் நுழைவோடு தொடங்கின. நடையும் ஒத்துப்போனது. இவற்றை வைத்துத்தான் அத்தனையும் பாசனுடையவை என்று அவர் வாதிட்டார். 1912 முதல் அவை திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையில் அச்சாகி, பதின்மூன்று நாடகங்கள் உலகத்துக்குக் கிடைத்தன. அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. வாதம் நடப்பதற்கே நாடகங்கள் சேர்ந்து கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? யாரோ ஒருவர் கட்டைப் பிரித்து நாலு வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அவை பெயரில்லாத உதிரிகளாகவே நின்றிருக்கும்.

அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளும் அப்படித்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிச் சேகரித்தவை அவை. நாஞ்சில் நாட்டில் வரி எப்படிப் பிரிந்தது, மதுரை நாயக்கர் படை வந்தபோது ஊரும் விளைச்சலும் என்ன பட்டன என்பதற்கு இன்றும் முதல் ஆதாரம் அந்தக் குடும்பக் கட்டுகள்தான்.

சரி, பெட்டி கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஒன்றும் செய்யக்கூடாது. பெட்டி மச்சில் எங்கே இருந்தது, யார் வைத்தது, வீட்டில் மூத்தவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு போட்டோ. ஒவ்வொரு கட்டையும் எடுக்கும் முன் ஒரு போட்டோ. கட்டுக்கு நூல் கட்டி, அட்டையில் பென்சிலால் எண் எழுதித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், ஓலைமேல் ஒன்றும் ஒட்டவும் வேண்டாம். கட்டைச் சுற்றியிருக்கும் பழந்துணியைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஊட்டுப்புரைக் கட்டில் துணியின் மூலையில்தான் ஊர்ப்பெயர் மையால் எழுதியிருந்தது. உள்ளே ஓர் ஓலையிலும் அது இல்லை.

கயிற்றை அறுக்காமல் முடிச்சை மெதுவாக அவிழ்க்க வேண்டும். பழைய கயிறு இறுகிப்போயிருந்தால், கட்டின் மேலும் கீழும் இருக்கும் மரச்சட்டத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தளரும். ஓலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, அதே வரிசையில் பக்கத்தில் அடுக்குங்கள். இடது ஓரத்தில் ஏட்டு எண் இருக்கும். எண் வரிசை தப்பியிருந்தாலும் நீங்கள் திருத்தி அடுக்க வேண்டாம். தப்பிய வரிசையை அப்படியே படம் எடுத்துவிட்டு, சரியான வரிசையைத் தாளில் எழுதினால் போதும். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் நெம்புவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அவை அப்படியே இருக்கட்டும். அதற்கென்று பழகிய கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

புல்தைலம் தடவட்டுமா, கரி பூசட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் பழைய முறைதான். கீறிய எழுத்தில் விளக்குக்கரியை இலைச்சாற்றோடு தேய்த்தால் எழுத்து கறுத்துத் துலங்கும், தைலம் ஓலையின் முறுமுறுப்பைத் தணிக்கும். ஆனால் அளவு தெரியாமல் தைலம் ஊற்றினால் தூசி முழுக்க ஓலையில் படியும். கரியை அழுத்தித் தேய்த்தால் நொறுங்கும் நிலையில் உள்ள ஓலை அங்கேயே பிளக்கும். எழுத்தைப் படிப்பதற்காக மட்டும் என்றால் இது எதுவுமே தேவையில்லை. அறையை இருட்டாக்கி, கைபேசியின் டார்ச்சை ஓலையின் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக, கிட்டத்தட்ட கிடைமட்டமாக அடியுங்கள். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் நிழல் விழும். மை முழுக்க அழிந்த ஓலையிலும் வரி வரியாக எழுத்து எழுந்து வருவதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்னொரு கைபேசியால் நேர் மேலிருந்து படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

வாசிப்பது தனி வித்தை. எங்கள் பகுதி ஓலைகளில் தமிழ், வட்டெழுத்து, அதிலிருந்து வந்த மலையாண்மை எழுத்து, மலையாளம் எல்லாம் வரும், ஒரே கட்டில் கலந்தும் வரும். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். 'கொல' என்று கீறியிருந்தால் அது கோல் என்கிற அளவாக இருக்கலாம். ௨ என்பது இரண்டா, உகரமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதற்கு நான் கண்ட வழி, வாய்விட்டு வாசிப்பது. எங்கள் பக்கத்தில் மலையாளத்தில் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னால், கண்ணுக்குப் பிடிபடாத சொல் காதுக்குப் பிடிபடும். "அது கலவறைடே, சாமான் வைக்குத இடம்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

தேதி, மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரைக்கும் 825 கூட்டுங்கள். சிங்க மாதம் (ஆவணி) பிறந்த பிறகு டிசம்பர் முடியும் வரை 824. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படித்தானம் 925 மகரம் 5, அதாவது 1750 ஜனவரி. பணக் கணக்குக்கு 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் இருபத்தெட்டரைச் சக்கரம், இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

இனி பிளான். ஓலையைவிட இதற்குத்தான் வீடுகளில் அதிகச் சேதம், காரணம் இது பழசு மாதிரித் தெரியாது. டிரேசிங் துணி என்பது கஞ்சிப்பசை ஏற்றிய மெல்லிய துணி. தண்ணீர் பட்டால் பசை கரைந்து கோடு கலங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்துப் 'புதுசாக்கின' பிளான்களைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். சுருண்டு விறைத்திருந்தால் இழுத்து விரிக்காதீர்கள். மழைக்காலத்து ஈரப்பதமுள்ள அறையில் ஒரு பகல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஓரங்களில் மணல் நிரப்பிய துணிப்பைகளைப் பாரமாக வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை மஞ்சளாக ஊறி, டேப் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். நீலப்பிரதி (புளூபிரிண்ட்) என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த அந்த நீலம் காரத்துக்கு ஆகாது. சுண்ணாம்பு அடித்த ஈரச்சுவரில் சாய்த்து வைத்தால் சுவர் தொட்ட இடமெல்லாம் நீலம் வெளிறிப்போகும். வெயிலும் ஆகாது. தட்டையான அட்டைப்பெட்டியில், மற்ற பிளான்களோடு சேராமல் தனியாக வையுங்கள்.

டீச்சர் அம்மா வீட்டுப் பெட்டியில் இருந்த ஊட்டுப்புரைப் பிளான் டிரேசிங் துணியில், எட்டடிக்கு ஓர் அங்குலம் என்கிற அளவில் இருந்தது. செங்கல் சுவருக்குச் சிவப்பு, மரத்துக்குப் பழுப்பு, சன்னல் கம்பிக்கு நீலம். அந்தக் காலத்து வழக்கப்படி சாயம் பூசியிருந்தார் அந்த ஓவர்சியர். எழுதியிருக்கும் அளவுவிகிதத்தை நம்பாமல் அடியில் வரைந்திருக்கும் அளவுகோட்டை வைத்து அளப்பது நல்லது. துணி சுருங்கியிருந்தால் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கியிருக்கும், கணக்கு பிசகாது.

கலவறை என்று குறித்த அறைக்கு 9 அடி 5½ அங்குலம் நீளம், 5 அடி 11 அங்குலம் அகலம். பிளான் வரைகிற எவனுக்கும் இந்த எண்கள் உறுத்தும். புதிதாகக் கட்டுகிறவன் ஒன்பதரை, ஆறு என்று முழுசாகப் போட்டிருப்பான். ஆகவே இது ஏற்கெனவே நின்ற கட்டடத்தை அளந்து வரைந்தது. அளந்தவர் அடிக்கணக்கில் அளந்தார், கட்டியவர் அடிக்கணக்கில் கட்டவில்லை.

ஆசாரிமாரின் முழக்கோல் 24 அங்குலம். அது அவர்கள் அங்குலம், ஒன்று 3 சென்டிமீட்டர். ஆகக் கோல் ஒன்றுக்கு 72 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் நீளம் 4 கோல், அகலம் இரண்டரைக் கோல், மயிரிழை பிசகில்லாமல் வருகிறது. அதே பெட்டியின் ஓலைக்கணக்கில் கலவறை வரியில் அகலம் இரண்டரை என்று தெளிவாக இருந்தது. நீளத்தின் எண்மேல் பூச்சி துளைத்த ஓட்டை. நாலா, ஐந்தா என்று பெரியவருக்கே சொல்ல முடியவில்லை. பிளான் அதை நாலு என்று தீர்த்துவிட்டது.

இன்னொரு சோதனையும் வைத்தோம். தச்சுக்கணக்கில் சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து மிச்சம் பார்ப்பார்கள். அதுதான் யோனி. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையாக வந்தால்தான் ஆசாரி கட்டுவார். 4-ம் இரண்டரையும் சேர்த்தால் ஆறரை, சுற்றளவு 13. மூன்றால் பெருக்கினால் 39, எட்டால் வகுத்தால் மிச்சம் 7. அது வடக்குப்புரைக்கு உரிய யோனி. பிளானில் கலவறை வடக்குப் பக்கம்தான் இருக்கிறது. நீளத்தை ஐந்து என்று வைத்துப் பாருங்கள், சுற்றளவு 15, மிச்சம் 5, மேற்குப்புரைக் கணக்கு. ஓலையும் பிளானும் தச்சு சாஸ்திரமும் ஒரே இடத்தில் வந்து கைகுலுக்கின. டீச்சர் அம்மா பேப்பரும் பென்சிலுமாகத் தானே இரண்டாம் முறை போட்டுப் பார்த்துவிட்டு, "பெட்டியை யாருக்கும் கொடுக்கப்போறதில்லை" என்றார்.

அந்தப் பிளானில் அடுப்படிமேல் ஒரு புகைப்போக்கியும் பென்சிலில் வரைந்திருந்தது. அதற்கு எந்தச் செலவுக் குறிப்பும் இல்லை, இடத்தில் போய்ப் பார்த்தபோது பழைய அடித்தளத்திலும் தடயம் இல்லை. பிளானில் இருப்பதெல்லாம் கட்டியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகம், 1880-இல் முடிந்த, கட்டடக் கலைஞர் சிஷோமின் நேப்பியர் மியூசியம் என்று கண்முன் நிற்கும் கட்டடங்களுக்கு நம்மால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். நம் ஊர் ஊட்டுப்புரைக்கும் வழிப்போக்கர் தங்கும் வழியம்பலத்துக்கும் கட்டடம் போய்விட்டது, வீட்டுப்பெட்டிதான் மிச்சம்.

1795-இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கொட்டாரம், அதாவது பத்மநாபபுரம் அரண்மனை, நம் மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. சமஸ்தானப் பதிவேடுகள் அங்கேயே தங்கிவிட்டன. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி வருஷந்தோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறாள். நம் பக்கத்து ஆராய்ச்சி மாணவர்களும் அப்படிப் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் கோட்டைப் பகுதிப் பிரிவில் பத்மநாபசுவாமி கோவிலின் மதிலகம் ஓலைகள் இருக்கின்றன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுருணைகள், அதாவது ஓலைச்சுருள்கள். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. மனுஷ்யாலய சந்திரிகை போன்ற தச்சு நூல்களைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்திருக்கிறார்கள். போகும்போது அடையாள அட்டையும் கல்லூரியிலிருந்தோ வழிகாட்டியிடமிருந்தோ கடிதமும் கொண்டுபோங்கள். பென்சில் மட்டும். அட்டவணைகள் மலையாளத்தில் இருக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்காவது கற்றுக்கொண்டு போனால் நேரம் மிச்சம். ஊர்ப்பெயர், கொல்லம் ஆண்டு, கட்டடத்தின் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் அங்குள்ளவர்கள் நீங்கள் எதிர்பார்க்காத கட்டையும் எடுத்துத் தருவார்கள். நான் ஒரு குளத்துப் படித்துறையைத் தேடிப் போய், கூடவே அதற்குக் கல் ஏற்றிவந்த வண்டிக்கூலிக் கணக்கையும் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஓலை இருக்கிறது என்று சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, 75 வருஷத்துக்கு மேற்பட்ட, சரித்திர மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியும் ஆவணமும் தொல்பொருளாகவே கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வீடு தேடி வந்து படமுள்ள ஓலை மட்டும் கேட்கிறவரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள்.

டீச்சர் அம்மா வீட்டுப் பெட்டியை முழுக்கப் படம் எடுத்து முடித்தோம். ஒரு பிரதி அவரிடம், ஒன்று என்னிடம், ஒன்று அவருடைய மகளிடம் வெளியூரில். மூலம் அந்த வீட்டிலேயே, உலர்ந்த அறையில், சுவரைத் தொடாத மர அலமாரியில், வசம்புத் துண்டுகளோடு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இப்போது பக்கத்து ஊரில் இருந்து இன்னொரு குடும்பம் கூப்பிட்டிருக்கிறது. பெட்டியை நான் வரும்வரை மச்சிலிருந்து இறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.